1919: விமான வரலாற்றில் எந்த நாளுக்கு முதலிடம்?

#1 வான்பித்தன்

போன திரியில் 1969-ஐக் கொண்டாடித் தீர்த்துவிட்டோம். பிப்ரவரி 9-இல் போயிங் 747, மார்ச் 2-இல் கான்கார்ட், மூன்று வார இடைவெளியில் இரண்டும் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பின. பெரிய ஆண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதற்கு ஐம்பது வருடம் முந்தைய 1919 அதைவிடப் பெரிது.

1918 நவம்பரில் உலகப்போர் ஓய்ந்தபோது ஐரோப்பாவில் கொட்டகை கொட்டகையாக விமானங்கள் சும்மா நின்றன. ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? நாம் இன்று அனுபவிக்கும் பதில்களில் பெரும்பாலானவை அந்த ஒரே வருடத்தில் முளைத்தவை.

பெர்லினில் தெருச்சண்டை நடந்ததால் ஜெர்மனியின் தேசிய சபை வைமார் என்ற சின்ன ஊரில் கூடியது. பிப்ரவரி 5 முதல் பெர்லினிலிருந்து அங்கே அன்றாட விமானம் ஓடியது. தபாலும் செய்தித்தாளும் போயின. டாய்ச்ச லுஃப்ட் ரீடெரை என்ற அந்தக் கம்பெனியின் கொக்குச் சின்னம்தான் இன்று லுஃப்தான்ஸா விமானங்களின் வாலில் இருப்பது. மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக்காரர்கள் ஃபார்மன் கோலியாத் விமானத்தில் பாரிஸ் அருகிலிருந்து லண்டனை அடுத்த கென்லிக்கு ஆட்களை ஏற்றிப் போனார்கள். சிவிலியன்கள் பறக்க அனுமதி வராத காலம். அதனால் பயணிகளாக ராணுவத்து விமானிகளையே உட்கார வைத்தார்கள்!

பிரிட்டனில் மே மாதம் கதவு திறந்தது. ஆகஸ்ட் 25-இல் லண்டன் ஹவுன்ஸ்லோ திடலிலிருந்து பாரிஸ் லெ பூர்ஜேக்கு, எல்லை தாண்டி நாள்தோறும் போகும் முதல் சேவை. கம்பெனி பெயர் ஏர்கிராஃப்ட் டிரான்ஸ்போர்ட் அண்ட் டிராவல், விமானம் டி.எச்.4ஏ. ஒரே ஒரு பயணி, அவரும் பத்திரிகைக்காரர். கூடவே செய்தித்தாள் கட்டுகள், தோல், வேட்டையாடிய காட்டுக்கோழி, டெவன்ஷயர் பாலாடை. இரண்டரை மணி நேரப் பயணம், கட்டணம் 21 பவுண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் வயதை இந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறது.

என் ஓட்டு ஆகஸ்ட் 25-க்கு. நீங்களும் 1919-இலிருந்து ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள். "எல்லாமே முக்கியம்" என்று நழுவக் கூடாது.

#2 இளவட்டம்

அண்ணா, அட்லாண்டிக்கை முதல்ல தாண்டினது லிண்ட்பெர்க்தானே? அது 1927. அதை விட்டுட்டு காட்டுக்கோழி ஏத்திட்டுப் போன நாளைப் போய்…

#3 குமரித்துறைவன்

தம்பி, லிண்ட்பெர்க் தாண்டினது தனியாளா, நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு. எங்கேயும் இறங்காம அட்லாண்டிக்கை முதல்ல தாண்டின ஆட்கள் ஜான் ஆல்காக்கும் ஆர்தர் பிரௌனும். அது 1919 ஜூன் 14, 15. லிண்ட்பெர்க் வாங்கின 25,000 டாலர் ஆர்டெய்க் பரிசே 1919 மே மாசம் அறிவிச்சதுதான். அப்ப அவர் கதைக்கும் விதை இந்த வருஷத்துலதான் இருக்கு.

டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண்டு அறிவிச்சிருந்துது. 72 மணி நேரத்துக்குள்ள, இடையில நிக்காம தாண்டணும். நியூஃபவுண்ட்லாந்துல நாலு கோஷ்டி கூடாரம் போட்டு வானிலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துது. முதல்ல கிளம்பினது ஹாரி ஹாக்கரும் மெக்கன்சி-கிரீவும், மே 18. பாரம் குறைய சக்கரத்தையே கழட்டி விட்டுட்டுப் போனாங்க. நடுக்கடல்ல ரேடியேட்டர்ல அடைப்பு, தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுது. கப்பல் போற தடத்தைத் தேடிப் போய் மேரிங்கிற டேனிஷ் கப்பலுக்குப் பக்கத்துல கடல்ல இறக்கிட்டாங்க. கப்பல்ல வயர்லெஸ் கிடையாது. ஒரு வாரம் போல ரெண்டு பேரும் செத்துட்டதாத்தான் ஊரே நம்பிச்சு. பிரிட்டிஷ் ராஜா, ஹாக்கர் மனைவிக்கு அனுதாபத் தந்தி அனுப்பிட்டார். அப்புறம் ஸ்காட்லாந்துக் கரையோரம் கப்பல் வந்து கொடி சைகை காட்டினப்பதான் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சுது. பத்திரிகை 5,000 பவுண்டு ஆறுதல் பரிசு குடுத்துச்சு. அதே மே 18-ல ரெண்டாவது கோஷ்டி ரேனமும் மார்கனும் கிளம்பறப்பவே தரையில மோதிட்டாங்க.

ஆல்காக்கும் பிரௌனும் பின்னால வந்தவங்க. விக்கர்ஸ் விமி, ரெண்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஈகிள் இஞ்சின். காத்துல சுத்துற ஜெனரேட்டர் போச்சு, அதோட வயர்லெஸ்ஸும் போச்சு. ஒரு எக்ஸாஸ்ட் குழாய் வெடிச்சு, ரெண்டு பேரும் கத்தினாலும் கேக்காத சத்தம். மேகத்துக்குள்ள திசை தெரியாம சுழன்று விழுந்து, கடல் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகுதான் ஆல்காக் நிமிர்த்தினார். பிரௌன் கையில நட்சத்திரக் கோணம் அளக்கிற செக்ஸ்டன்ட் மட்டும். மேக இடைவெளியில ஒரு நட்சத்திரம், கொஞ்சம் நிலா, அதை வச்சே கணக்குப் போட்டார். 1,890 மைல், பதினாறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

இறங்கினதுதான் வேடிக்கை. அயர்லாந்துல கிளிஃப்டன் மார்க்கோனி நிலையத்துப் பக்கம் பச்சைப் பசேல்னு ஒரு புல்வெளி. நிலையத்து ஆட்கள் "அங்கே வேண்டாம்"னு கையை ஆட்டினாங்க. இவங்க வரவேற்புன்னு நினைச்சு பதிலுக்குக் கையாட்டிட்டு இறங்கினாங்க. புல்வெளி இல்ல, சதுப்பு. மூக்கு குத்தி நின்னுது.

ரெண்டு பேரும் போர்க்கைதியா இருந்தவங்க: ஒருத்தர் துருக்கியில, இன்னொருத்தர் ஜெர்மன்காரன் கையில. சர் பட்டம் கிடைச்சுது. ஆல்காக் அதே வருஷம் டிசம்பர் 18-ல, பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் புது விமானம் ஓட்டிட்டுப் போறப்ப பிரான்ஸ்ல மூடுபனியில விழுந்து இறந்தார். 27 வயசு. என் ஓட்டு ஜூன் 15. பாலாடைக்கு இல்ல.

#4 வான்பித்தன்

//எங்கேயும் இறங்காம//

இந்த ஒரு சொல்லில்தான் அமெரிக்கக் கடற்படை காணாமல் போகிறது. என்.சி-4 என்ற பறக்கும் படகு ஆல்பர்ட் ரீட் தலைமையில் மே 8-இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, நியூஃபவுண்ட்லாந்து, அசோர்ஸ் தீவுகள் வழியாக மே 27-இல் லிஸ்பன் போய்ச் சேர்ந்துவிட்டது. கூடக் கிளம்பிய என்.சி-1 கடலில் இறங்கி மூழ்கியது, ஆட்களைக் கப்பல் காப்பாற்றியது. என்.சி-3 கடலில் இறங்கி, பாய்மரக் கப்பல் மாதிரி காற்றையும் அலையையும் நம்பி இருநூறு மைல் மிதந்து அசோர்ஸ் போய்ச் சேர்ந்தது. வழி நெடுக ஏறக்குறைய 50 மைலுக்கு ஒரு போர்க்கப்பலை நிறுத்தியிருந்தார்கள். இவ்வளவு செலவு செய்தும் மூன்றே வாரத்துக்குள் ஆல்காக் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனார்.

குமரி, நீங்கள் சொன்னது அருமையான கதை. ஆனால் அடுத்த வாரம் அதே வழியில் யாராவது டிக்கெட் வாங்கிப் போக முடிந்ததா? விமானத்தில் பயணிகள் ஒழுங்காக அட்லாண்டிக் தாண்ட இன்னும் இருபது வருடம் ஆனது.

#5 பழைய ஸ்பானர்

முப்பது வருஷத்துக்கு மேல ஹேங்கர்ல குப்பை கொட்டினவன் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் ஓட்டினவனையும் உக்காந்தவனையும் பத்தியே பேசறீங்க. விமானத்தைப் பத்தி யாரும் பேசலை.

விமி, டி.எச்.4ஏ, கோலியாத் எல்லாம் மரச்சட்டத்துல துணி இழுத்துக் கட்டி, மேல டோப்ங்கிற வார்னிஷ் பூசி, ரெண்டு ரெக்கைக்கும் நடுவுல கம்பியா வலிச்சுக் கட்டின சாமான். ஈரத்துல மரம் ஊறும், பசை விடும், துணி தளரும். கம்பி முறுக்கை அடிக்கடி சரி பண்ணணும். வெயில்லயும் மழையிலயும் வெளியில நிறுத்தினா ஆயுசு கம்மி. இதை வச்சு டைம்டேபிள் போட்டு ஓட்டறது எவ்வளவு சிரமம்னு கைவச்சவனுக்குத்தான் தெரியும்.

1919 ஜூன் 25, ஜெர்மனியில டெசாவ். ஜங்கர்ஸ் எஃப்.13 முதல் தடவையா பறந்துது. முழுக்க உலோகம், துராலுமின்ங்கிற அலுமினியக் கலவை. ஒத்தை ரெக்கை, அது கீழே, வெளியில ஒரு கம்பி கிடையாது. ரெக்கையைத் தடிமனாப் பண்ணி உள்ளேயே குழாய்ச் சட்டம் குடுத்துட்டாங்க. மேல்தகட்டை அலை அலையா மடிச்சது அழகுக்கு இல்லீங்க, மெல்லிசுத் தகடு வளையாம நிக்க. உள்ளே மூடின கேபின், நாலு பேர் உக்காரலாம். பைலட்டுக்குத்தான் பாதி வெயில் பாதி மழை, தலைக்கு மேல கூரை கிடையாது.

முன்னூறுக்கு மேல கட்டினாங்க. கொலம்பியாவுல மக்தலேனா ஆத்து மேல மிதவை வச்சு ஓட்டினாங்க. அந்த ஸ்காட்டா கம்பெனி அதே 1919 டிசம்பர்ல ஆரம்பிச்சது, இன்னைக்கு ஏவியாங்கா. மரமும் துணியும் அந்தப் புழுக்கத்துல எத்தனை நாள் தாங்கியிருக்கும், நினைச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. அது பறந்து மூணு நாள் கழிச்சு, ஜூன் 28-ல வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. ஜெர்மனி போர் விமானமே வச்சுக்கக் கூடாதுன்னு அதுல ஷரத்து. ஜங்கர்ஸ் பயணி விமானத்துக்கு வந்தது வெறும் நல்ல மனசால மட்டும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க இன்னைக்கு ஏறி உக்கார்ற ஏர்பஸ்ஸோட பாட்டன் விமி கிடையாது, இதுதான். என் ஓட்டு ஜூன் 25.

#6 இளவட்டம்

ஐயா, இந்த மாதிரி இன்னும் எழுதுங்க. ஓட்டு இப்பவே போடலை, பாத்துட்டுப் போடறேன்.

#7 மலர்விழி

இந்தத் திரியில் இரண்டு நாட்கள் விடுபட்டிருக்கின்றன. இரண்டுமே நம் பக்கத்தில் நடந்தவை.

1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். அது எல்லாருக்கும் தெரியும். மறுநாள், ஏப்ரல் 14, குஜ்ரன்வாலா. இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஊர். அங்கே கலவரம் என்று லாகூரிலிருந்து பிரிட்டிஷ் விமானங்கள் போய் குண்டு போட்டன, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. குண்டு விழுந்த இடங்களில் ஒரு பள்ளிக்கூட விடுதியும் உண்டு. பிறகு ஹன்டர் விசாரணைக் குழு முன்னால் விமானத்தை ஓட்டிய மேஜர் கார்பெரி வந்து தான் செய்ததைச் சாட்சியமாகச் சொன்னார். சொந்த ஆட்சியின் கீழ் இருந்த ஊர்மக்கள் மேல் ஓர் அரசு விமானத்திலிருந்து குண்டு வீசிய நாள் அது.

மே 24. மூன்றாம் ஆப்கன் போர். கேப்டன் ராபர்ட் ஹேலி ஒரு ஹேண்ட்லி பேஜ் வி/1500 விமானத்தில் காபூலுக்குப் பறந்து அமீர் அமானுல்லாவின் அரண்மனைப் பக்கம் குண்டு போட்டுத் திரும்பினார். நான்கு இஞ்சின் கொண்ட அந்த ரகம் பெர்லினைத் தாக்கக் கட்டியது. போர் முடிந்துவிட்டதால் அங்கே போகவில்லை. இங்கிலாந்திலிருந்து இந்தியா வரை பறந்து வந்த முதல் விமானங்களில் ஒன்று என்று அதற்குப் பெயர். அடுத்த வேலை இதுவாக இருந்தது.

குமரி சொன்ன நான்கு கோஷ்டிகளில் ஒன்று நியூஃபவுண்ட்லாந்தில் எந்த விமானத்தோடு காத்திருந்தது தெரியுமா? அதே ஹேண்ட்லி பேஜ் வி/1500.

ஆல்காக்கின் விமியும் குண்டுவீச்சு விமானமாகப் பிறந்ததுதான். டி.எச்.4ஏ-வும் அப்படியே. வான்பித்தன், "இந்த விமானங்களை வைத்து இனி என்ன செய்வது" என்று கேட்டீர்கள். கிடைத்த பதில்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு ஏப்ரல் 14. முதலிடம் என்றால் பெருமைக்குரிய இடம் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லையே.

#8 காற்றாடி

இது விமானத் திரி. அரசியல் பேச வேறு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு திரியிலும் இதைக் கொண்டுவர வேண்டுமா?

#9 நெறியாளர்

மலர்விழியின் பதிவு தலைப்புக்குள்தான் இருக்கிறது. தேதி, விமானம், ஓட்டியவர் எல்லாம் இருக்கிறது. தொடரலாம்.

#10 பழைய ஸ்பானர்

காற்றாடி தம்பி, வி/1500 விமான வரலாறு இல்லைன்னா வேற எது? அம்மா சொன்னது சரி. அந்த மெஷின் காபூல் வரைக்கும் போய்த் திரும்பினதே அன்னைக்குப் பெரிய விஷயம். அதுக்காகக் கை தட்டணும்னு யாரும் சொல்லலை.

#11 செராங்கூன்வாசி

சிங்கப்பூரிலிருந்து ஒரு ஓட்டு. டிசம்பர் 10.

ஆஸ்திரேலிய அரசு 10,000 பவுண்டு பரிசு வைத்தது: ஆஸ்திரேலியர்கள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, 30 நாளுக்குள். ராஸ் ஸ்மித், அவர் அண்ணன் கீத், மெக்கானிக்குகள் பென்னட், ஷியர்ஸ் நான்கு பேரும் ஒரு விமியில் நவம்பர் 12-ஆம் தேதி ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். விமானத்தின் பதிவெண் ஜி-இஏஓயு. "கடவுளே எங்க எல்லாரையும் காப்பாத்து" என்பதற்கு அதுதான் சுருக்கம் என்று அவர்களே கேலி செய்துகொண்டார்கள்.

கெய்ரோ, டமாஸ்கஸ், பாஸ்ரா, கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று வழி. விமான நிலையம் என்று ஒன்று பாதி ஊர்களில் கிடையாது. கல்கத்தாவில் குதிரைப் பந்தயத் திடல். அங்கிருந்து கிளம்பும்போது பருந்து ஒன்று ப்ரொப்பெல்லரில் அடிபட்டது. சிங்கப்பூரில் டிசம்பர் 4-ஆம் தேதி இறங்கியதும் பந்தயத் திடல்தான், ஃபேரர் பார்க். இப்போது அங்கே எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறது. நம்ம ஆட்களின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு இன்றும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்றே பெயர். திடல் விமிக்குப் போதாத நீளம். அதனால் பென்னட் இறங்கும்போதே வெளியில் ஏறி, உடல் மேல் சறுக்கி வால்வரை போய் உட்கார்ந்து பாரம் கொடுத்தார். வால் சீக்கிரம் தரையில் உராய்ந்து வண்டி நின்றது.

சுரபாயாவில் சேற்றில் புதைந்துவிட்டது. ஊர்மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக விரித்தார்கள், அதன்மேல் ஓடித்தான் எழும்பினார்கள். டிசம்பர் 10-இல் டார்வின். 28 நாளுக்குக் கொஞ்சம் குறைவு.

போட்டியில் மற்றவர்கள் கதி வேறு. டக்ளசும், ராஸ் என்றே பெயர் கொண்ட இன்னொருவரும் கிளம்பிய சில நிமிடத்தில் லண்டன் ஓரத்திலேயே விழுந்து இறந்தார்கள். ஹோவெலும் ஃப்ரேசரும் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்து இறந்தார்கள்.

டார்வினில் இவர்களை எதிர்கொண்டவர்களில் ஹட்சன் ஃபிஷ் ஒருவர். வடக்கு ஆஸ்திரேலியாவில் இறங்கத் தோதான இடங்களைப் பார்த்து வைக்கும் வேலைக்காக மெக்கின்னஸ் என்பவரோடு காரில் காடு மேடெல்லாம் அலைந்தவர். அந்த அலைச்சலில் தோன்றிய யோசனைதான் மறு வருடம் குவாண்டாஸ் ஆனது. ஆக வான்பித்தன் கேட்கும் "சேவை"யும் என் நாளில் இருக்கிறது, குமரி கேட்கும் சாகசமும் இருக்கிறது :)

#12 பழைய ஸ்பானர்

பரிசுப் பணத்தை ராஸ் ஸ்மித் நாலு பேருக்கும் சமமாப் பிரிச்சார், அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே. சர் பட்டம் மட்டும் அண்ணன் தம்பிக்கு. வால் மேல ஏறி உக்காந்தவனுக்குக் கிடையாது. ஹேங்கர் பக்கம் இது ஒண்ணும் புதுசில்ல.

#13 குமரித்துறைவன்

இப்ப வான்பித்தன்கிட்ட ஒரு கேள்வி. உங்க ஆகஸ்ட் 25 கம்பெனி எத்தனை நாள் ஓடிச்சு? 1920 டிசம்பர்ல மூடிட்டாங்க. 1921 பிப்ரவரி கடைசியில பிரிட்டிஷ் கம்பெனிகளோட லண்டன்-பாரிஸ் விமானமே நின்னு போச்சு. பிரெஞ்சு அரசு அவங்க கம்பெனிக்கு மானியம் குடுத்துச்சு, பிரிட்டன் "பறக்கிறவன் சொந்தக் காசுல பறக்கட்டும்"னு இருந்துது. என் ஆளுங்க பறந்த விமி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துல இன்னும் தொங்காம நிக்குது.

#14 வான்பித்தன்

மூடியது உண்மை. அதை வாங்கியவர்கள் டைம்லர் ஏர்வே என்று நடத்தினார்கள், 1924-இல் அது இம்பீரியல் ஏர்வேஸுக்குள் போனது, அங்கிருந்து பி.ஓ.ஏ.சி., 1974-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ். கம்பெனி செத்தாலும் தடம் சாகவில்லை. மானியம் இல்லாமல் விமானக் கம்பெனி பிழைக்காது என்று அரசுகளுக்குப் புரிய வைத்ததே அந்த நஷ்டம்தான். 1919 அக்டோபர் 7-இல் ஆல்பர்ட் பிளெஸ்மன் தொடங்கிய டச்சுக் கம்பெனி கே.எல்.எம். அதே பெயரில் இன்றும் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மலர்விழியின் பதிவைப் படித்த பிறகு என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். அக்டோபர் 13. பாரிஸ் வான்பயண உடன்படிக்கை. அதன் முதல் ஷரத்து: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு. போருக்கு முன்னால் 1910-இலேயே பாரிசில் கூடிப் பேசி முடிவெடுக்காமல் கலைந்தார்கள். கடல் மாதிரி வானும் பொது என்று வாதிட்டவர்கள் அப்போது இருந்தார்கள். நான்கு வருடம் தலைமேல் குண்டு விழுந்த பிறகு அந்த வாதத்துக்கு ஆள் இல்லை. விமானத்துக்குப் பதிவெழுத்து, பறக்கத் தகுதிச் சான்று, விமானிக்கு உரிமம் எல்லாம் அதில் வந்தது. பிரிட்டனுக்கு ஜி, பிரான்சுக்கு எஃப். இந்திய விமானங்களும் முதலில் ஜி-ஐ என்றுதான் தொடங்கின.

#15 இளவட்டம்

அண்ணா, அந்தச் சட்டம் இப்பவும் இருக்கா? நமக்கு அதனால என்ன?

#16 வான்பித்தன்

1944 சிகாகோ உடன்படிக்கை அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் முதல் ஷரத்து ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாலகோட் வான்தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை ஜூலை வரை மூடி வைத்ததே, டெல்லியிலிருந்து ஐரோப்பா போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போய் எரிபொருளைக் கூடுதலாக எரித்தனவே, அந்த அதிகாரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் வான்வெளி எவ்வளவு உயரம் வரை என்று அப்போதும் எழுதவில்லை, இப்போதும் எழுதவில்லை.

#17 மலர்விழி

அதிலும் கவனியுங்கள், குஜ்ரன்வாலா மக்களுக்கு அந்த ஷரத்து எதுவும் செய்திருக்காது. அவர்கள் தலைக்கு மேலிருந்த வானம் குண்டு போட்டவர்களுக்கே சொந்தம் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. காபூல் வேறு. ஆகஸ்டில் ராவல்பிண்டி ஒப்பந்தத்தோடு ஆப்கானிஸ்தான் தன் வெளியுறவைத் தானே நடத்தும் உரிமையைப் பெற்றுவிட்டது. என் ஓட்டில் மாற்றம் இல்லை.

#18 காற்றாடி

இந்த விளக்கம் நியாயமாக இருக்கிறது. என் ஓட்டு ஜங்கர்ஸுக்கு. ஆமாம், ஆர்34 ஆகாயக் கப்பலை யாருமே ஏன் தொடவில்லை?

#19 பழைய ஸ்பானர்

தொட்டா திரி ரெண்டு மடங்காயிடும், அதான். ஜூலை 2-ல ஸ்காட்லாந்து ஈஸ்ட் ஃபார்ச்சூன்ல கிளம்பி, 108 மணி நேரம் கழிச்சு ஜூலை 6-ல நியூயார்க் பக்கம் மினியோலா. எதிர்க்காத்துல பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்துட்டுது. பாரம் கூடும்னு இறக்கிவிட்ட பாலன்டைன்ங்கிற சிப்பாய் ஒரு பூனைக்குட்டியோட உள்ளே ஒளிஞ்சு வந்துட்டான், நடுக்கடல்லதான் அகப்பட்டான். தரையில கயிறு பிடிச்சுக் கட்டத் தெரிஞ்ச ஆள் இல்லாததால மேஜர் பிரிட்சர்ட் பாராசூட்ல குதிச்சு இறங்கி வேலை வாங்கினார். ஐரோப்பாவிலிருந்து வான்வழியா வந்து அமெரிக்க மண்ணை மிதிச்ச முதல் ஆள் அவர்தான். திரும்பறப்ப காத்து முதுகுல, 75 மணி நேரம்தான்.

போய்ட்டுத் திரும்பி வந்தது அது ஒண்ணுதான்கிறது வாஸ்தவம். ஆனா அதே மாசம் 21-ந்தேதி சிகாகோவுல விங்ஃபுட் ஏர் எக்ஸ்பிரஸ்ங்கிற ஹைட்ரஜன் பலூன் கப்பல் தீப்பிடிச்சு ஒரு பேங்க் கூரைக் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு உள்ளே விழுந்து 13 பேர் செத்தாங்க, பத்துப் பேர் பேங்க் வேலையாட்கள். ஆர்34-உம் 1921 ஜனவரியில மூடுபனியில குன்றுல உரசி, தள்ளாடி வந்து சேர்ந்து, ராத்திரிக் காத்துல தரையில அடிபட்டே வீணாப் போச்சு. அதுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். வேணும்னா தனித் திரி ஆரம்பிங்க, ஹைட்ரஜன் பை எதால செஞ்சாங்கன்னு அங்கே எழுதறேன். மாட்டுக் குடல்.